இரைச்சலும் சைகையும்

சப்பிரகமுவ மாகாணத்தின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில், பருவப் பெயர்ச்சிகளுக்கு இடைப்பட்ட ஏப்ரலிலும் ஒற்றோபரிலும் பிற்பகல் வேளைகளில் இடி முழங்குதல் இயல்பு. அவ்வேளை லயன் அறையொன்றில் மத்திய அலை வானொலியைத் திறப்பின், செய்தியோடு இருவகை ஓசைகள் கலந்து வரும். ஒன்று இடையறாத சீறல். மற்றது மின்னல்தோறும் எழும் வெடிப்பொலி. இரண்டினையும் பொறியியலார் இரைச்சல் என்பர். அடுத்த கணத்தில் அதன் அளவு யாதாகும் என எவராலும் கூறவியலாது. ஆயினும் அதற்கும் ஒரு நியதி உண்டு. அந்நியதியை ஆராய்வதே எழுமாற்றுச் சைகைகளின் புள்ளிவிபரவியல்.

சீறலின் ஒரு பகுதி வானொலிப் பெட்டியினுள்ளேயே பிறக்கின்றது. கடத்தியிலுள்ள எண்ணற்ற இலத்திரன்கள் வெப்பத்தால் ஒழுங்கின்றி அலைதலின், சிறு மின்னழுத்தம் ஓயாது ஏறி இறங்கும். 1928 இல் ஜோன்சன் இதனை அளந்து காட்ட, நைக்குவிஸ்ற் விளக்கம் தந்தார். கொழுந்து பறிப்போர் ஒருவரின் ஒரு நாள் நிறையை முன்கூட்டி உரைத்தல் அரிது. தோட்டம் முழுவதின் கூட்டு நிறையோ பெரிதும் பிறழாது. இலத்திரன்களின் நிலையும் அத்தகையதே. அவற்றின் கூட்டு விளைவு செவ்வன் பரம்பலுக்கு அடங்கும். அதன் வலு வெப்பநிலைக்கும், ஏற்கப்படும் மீடிறன் பட்டையின் அகலத்துக்கும் நேர்விகிதசமமாகும்.

மின்னலின் இரைச்சல் இவ்வாறு அடங்குவதன்று. நீண்ட அமைதியின் நடுவே பேரளவான துடிப்புகள் தோன்றும். அதன் வலு தாழ்ந்த மீடிறன்களில் மிகுந்தும், உயர்ந்தவற்றில் குறைந்தும் காணப்படும். ஆதலின் பண்பலை ஒலிபரப்பு இடியினால் அதிகம் கெடுவதில்லை. ஆனால் அவ்வலைகள் மலைகளைச் சுற்றி வளைந்து செல்லும் ஆற்றல் குறைந்தவை; பள்ளத்தாக்குத் தோட்டங்கள் அவற்றின் நிழலில் அகப்படும்.

இரைச்சலினின்று சைகையைப் பிரித்தல் எங்ஙனம்? ஒரே சைகையை நூறு முறை அனுப்பிக் கூட்டினால், சைகையின் வீச்சம் நூறு மடங்காகும். ஒன்றையொன்று சாராத இரைச்சலோ பத்து மடங்கே வளரும். இதனினும் நுண்ணிய வழியை நோபேட் வீனர் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வகுத்தார். அது 1949 இல் நூலாக வெளிவந்தது. சைகை, இரைச்சல் என்பவற்றின் வலு மீடிறன்தோறும் பரந்திருக்கும் முறை தெரியுமாயின், சராசரி வர்க்க வழுவை இழிவாக்கும் வடியை அமைக்கலாம் என்பது அவர் முடிபு.

மழையும் காலத்தோடு எழுமாறாக மாறும் அளவே. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு 24 மணி நேர மழைவீழ்ச்சி 75, 100, 150 மில்லிமீற்றர் என மூன்று எல்லைகளைக் கொண்டுள்ளது. எல்லையைத் தாழ்த்தினால் பொய்யெச்சரிக்கை மிகும். மக்கள் நம்பிக்கை இழப்பர். உயர்த்தினால் உண்மை ஆபத்துத் தவறிப்போகும். இரண்டினையும் ஒருங்கே ஒழித்தல் இயலாது. ஒன்றினை வரையறுத்த பின்னரே மற்றதை இழிவாக்கலாம் என்பது 1933 இல் நேமனும் பியர்சனும் நிறுவிய தேற்றத்தின் சாரம்.

2016 மே 17 ஆம் நாள் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். அன்றே புளத்கொஹுபிட்டியவில் தோட்டக் குடியிருப்புகளும் புதையுண்டன. வீணான ஓர் இரவு இடப்பெயர்வு எத்துணைப் பெரிது, தவறிய ஓர் எச்சரிக்கை எத்துணைப் பெரிது என்பதைக் கணிதம் கூறாது. அதனை நிறுத்துப் பார்த்து எல்லையை வகுத்தல் மனிதர் கடனாகும். வகுத்தபின் அதற்கேற்ற சிறந்த வழியைக் கணிதம் காட்டும்.