உங்களுக்குத் தெரியுமா? 80 லிட்டர் கடல்நீர்த் தொட்டிக்கு 3 மீன் போதும்!

தோட்டத்துக் கால்வாயில் சண்டை மீன் பிடித்துப் போத்தலில் வளர்த்த பழக்கம் பேராக்கில் பலருக்கு உண்டு. அந்த மீன் மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கும். அதனால் போத்தலிலும் பிழைத்தது. கடல் மீனால் அது முடியாது. நீரில் கரைந்த ஆக்சிஜனை நம்பியே அது வாழ்கிறது. நன்னீரைவிடக் கடல்நீரில் அந்த ஆக்சிஜன் சுமார் 20 விழுக்காடு குறைவு. ஈப்போ வெயிலில் தொட்டி சூடேறினால் இன்னும் குறையும்.

அதனால் 80 லிட்டர் தொட்டிக்கு ‘நீமோ’ எனப்படும் கோமாளி மீன் ஒரு ஜோடி, மணலை ஒட்டித் திரியும் சிறிய கோபி மீன் ஒன்று; அவ்வளவுதான். கோமாளிகளில் ஒன்று சற்றுப் பெரிதாக இருக்கட்டும். இவை எல்லாமே ஆணாகத்தான் பிறக்கின்றன. இரண்டில் வலுத்தது பெண்ணாக மாறும். அது இறந்தால் துணையாக இருந்த ஆண் பெண்ணாகிவிடும். மூன்றாவது கோமாளியை விட்டால் அதை இந்த ஜோடி ஓட ஓட விரட்டிக் கடிக்கும். டேம்செல் மீன் மலிவுதான், ஆனால் வளர்ந்ததும் தொட்டி முழுவதையும் தன் எல்லையாக்கிக்கொள்ளும். நீல டாங் மீன் 30 செ.மீ. வரை வளரும்; சிறு தொட்டியில் விடவே கூடாது.

புதுத் தொட்டியில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா பெருகப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் ஆகும். சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் காட்டிய பிறகே முதல் மீனை வாங்குங்கள்.