மால்குடியும் நமது பாஷாபிமானமும்

தொலைக்காட்சி நம் தேசத்து ஜனங்களுக்குச் செய்த நன்மைகளை எண்ணப் புகுந்தால் கைவிரல்களே போதும். அந்தச் சிலவற்றுள் ஒன்று 'மால்குடி டேஸ்'. 1980-களின் பிற்பகுதியில் தூர்தர்ஷன் வழியே வந்த அக்கதைத் தொகுதியைப் பற்றிப் பேச்செடுத்தால், அன்று சிறுவராயிருந்தோர் குரல் இன்றும் குழைகிறது. பாட்டி முதல் பேரன் வரை ஒரே பெட்டியின் முன் அமர்ந்து கண்ட காலம் அது. இன்றோ வீட்டில் ஆளுக்கொரு திரை, ஆளுக்கொரு கதை. பழையதை நினைத்து விடும் பெருமூச்சை நாம் பழிக்கவில்லை. ஆனால் பெருமூச்சோடு நின்றுவிடுவது தேசத் தொண்டர்களுக்கு அழகன்று. அது ஏன் நிலைத்தது, அதனால் நமக்கு விளையும் பாடம் யாது என்று விசாரிப்பதே முறை.

மூலக் கதைகளை எழுதிய ஆர். கே. நாராயண் 1906-ம் வருஷம் சென்னையில் பிறந்த தமிழர். மைசூரில் வாழ்ந்து, ஆங்கிலத்தில் எழுதியவர். பூகோளப் படத்தில் இல்லாத மால்குடி என்னும் ஊரைப் படைத்து, அதை உலகம் நம்பும்படி செய்தவர். படமாக்கியவர் கன்னட நடிகரும் டைரக்டருமான சங்கர் நாக். இசை அமைத்தவர் எல். வைத்யநாதன். முகப்புச் சித்திரங்கள் ஆசிரியரின் தம்பி ஆர். கே. லக்ஷ்மண் வரைந்தவை. இத்தனை தென்னாட்டார் கூடிச் செய்த காரியத்தை அன்று வீடுகள் கேட்டதோ ஹிந்தியில்!

எனினும் அதில் பொய் தோன்றவில்லை. காரணம், மண் மாறவில்லை. 1965-ல் நாராயணின் 'கைடு' நாவல் சினிமாவான போது, மால்குடியைப் பெயர்த்து ராஜஸ்தானத்தில் நட்டார்கள். ஆசிரியர் மனம் நொந்து அதைப் பற்றி எழுதியும் வைத்தார். சங்கர் நாக் அப்பிழையைச் செய்யவில்லை. கர்நாடகத்து மலைநாட்டில், மழைக்குப் பேர்போன ஆகும்பேயில், திண்ணையும் ஓட்டு வீடும் உள்ள தெருக்களையே மால்குடியாக்கினார். 1990-ல் விபத்தொன்றில் அவர் மாண்ட போது வயது 35. அந்தச் சிறு வாழ்வில் இந்த ஒரு காரியமே அவர் பெயரைக் காக்கும்.

கதைகளில் ராஜாக்கள் இல்லை. மகா வீரர்களும் இல்லை. கலியாணம் தடைப்படக் கூடாதென்று மரணச் செய்தியைத் தன்னிடமே மறைத்து வைக்கும் தபால்காரர் ஒருவர். தனியே படுக்கப் பயந்து, திருடன் காலைப் பேயின் காலென்று எண்ணிக் கடித்து, வீரனென்று பெயர் பெறும் சிறுவன் சுவாமி. காந்தி வழியில் நின்று, அமெரிக்கா போய்த் திரும்பிய மகனிடம் தோற்கும் மிட்டாய்க் கடைக்காரர் ஜகன். ஒரு தேசத்தின் உயிர் இத்தகையோரிடமே உள்ளது. பஞ்சாபியும் வங்காளியும் இவர்களைத் தம் அண்டை வீட்டாராகக் கண்டனர். சட்டம் போட்டு உண்டாக்க முடியாத ஐக்கியம் இது.

நிற்க. இதைக் குறித்து இருவகை வாதங்கள் எழலாம். ஹிந்தியில் பேசியதால் அது நம்முடையதன்று என்பார் ஒரு சாரார். ஹிந்தியே தேசத்தை இணைக்கும் என்பதற்கு இதுவே சாட்சி என்பார் மற்றொரு சாரார். இரண்டும் பிழை. தேசத்தை இணைத்தது பாஷையன்று. உண்மையாய்ச் சொன்ன ஓர் ஊரின் கதை. முதற் சாராருக்கோ நாராயணின் 'சுவாமியும் சிநேகிதர்களும்' நாவலே விடை சொல்லும். பகிஷ்கார ஆவேசத்தில் சுவாமி தன் தொப்பியை அந்நியத் துணியென்று தீயில் எறிகிறான்; பிறகு தகப்பனார் சொல்லித்தான் அது கதர் என்று தெரிகிறது. மால்குடியை வேண்டாமென்னும் தமிழன் எரிப்பதும் தன் சொந்தக் கதரையே.

ஆயினும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று மிஞ்சுகிறது. சென்னையில் பிறந்தவர் கதையை வேற்று மொழியில் கேட்டு மகிழ்ந்த நாம், தமிழிலேயே எழுதப்பட்ட கதைகளுக்கு என்ன செய்தோம்? புதுமைப்பித்தன், கு. ப. ராஜகோபாலன், தி. ஜானகிராமன் வைத்துப் போன செல்வம் கொஞ்சமா? பாலு மகேந்திரா 'கதை நேரம்' என்ற பெயரில் தமிழ்ச் சிறுகதைகளைத் தொலைக்காட்சிக்குக் கொண்டு வந்தார். அது போன்ற முயற்சி ஒரு தனி மனிதரின் ஆர்வத்தோடு முடிந்துவிடலாகாது. பொதுஜனப் பணத்தில் நடக்கும் ஒலிபரப்பு ஸ்தாபனம் ஒவ்வொரு பாஷையின் சிறந்த கதைகளையும் அந்தந்த மண்ணில், அந்தந்தப் பாஷையில் எடுத்து, பின்பு மற்றப் பாஷைகளுக்குத் தர வேண்டும். தஞ்சாவூர்த் தெருவைத் தமிழில் கண்ட பின்பே லக்னோ அதை ஹிந்தியில் காணட்டும். இதைக் கேட்பது யாசகம் அன்று, உரிமை. கேட்க வேண்டியவர்கள் நாமே. மால்குடியை நினைத்து உருகும் உள்ளங்கள் அவ்வுருக்கத்தைக் கோரிக்கையாக்கினால், நம் பேரர்களும் ஒரே கதையின் முன் வீட்டாரோடு அமரும் நாள் வரும்.