‘ஃபாபுலோசுஸ்’ என்னும் பெயரடை

மாமல்லபுரத்தை அடுத்த கடலோரச் சபையொன்றில், கடல் கொண்ட கோயில்களின் கதையை முதியவர் ஒருவர் சொல்லிக்கொண்டிருக்க, உடனிருந்த போதகர் 2 பேதுரு 1:16ஐ எடுத்துக்காட்டி, அதனைக் கட்டுக்கதை என்று தள்ளியதை நாம் கேட்டோம். அவ்வசனம் அதற்கு இடந்தருகின்றதா?

இலத்தீன் வேதாகமம் அங்கு வழங்கும் சொல் ‘ஃபாபுலா’. பேசுதல் எனப் பொருள்படும் வினையடியாகப் பிறந்த இச்சொல், பேச்சு, கதை, நாடகம் ஆகியவற்றைக் குறிக்கும். ‘நிறைந்த’ என்று பொருள்படும் விகுதி சேர, இதிலிருந்து ‘ஃபாபுலோசுஸ்’ என்னும் பெயரடை தோன்றும். கதை நிறைந்தது என்பதே நேர்ப்பொருள். புனைவானது என்பதும் வழக்கிலுண்டு. கி.மு. 23இல் வெளிவந்த பாடல் தொகுதியில் ஹொராத்தியுஸ் என்னும் ரோமப் புலவர் இவ்வடையைச் சூட்டியது ஹிதாஸ்பெஸ் நதிக்கு. அது காஷ்மீரத்து ஜீலம் நதியே. பொய் நதி என்பதன்று அவர் கருத்து.

தமிழில் ‘நல்ல’ என்பது எப்பெயர்க்கு முன்னும் திரியாது நிற்கும். இலத்தீன் பெயரடையோ, தான் தழுவும் பெயரின் பால், எண், வேற்றுமை ஆகியவற்றுக்கேற்பத் திரியும். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்வோர் இதனை வழியிலேயே பயின்றுகொள்ளலாம். முன்னாளில் கழுகுகள் வந்து அமுதுண்ட குன்று, ‘மோன்ஸ்’, ஆண்பால். ஆகவே ‘மோன்ஸ் ஃபாபுலோசுஸ்’. அருச்சுனன் தவமென்றும் பகீரதன் தவமென்றும் இருவகையாய்ச் சொல்லப்படும் பாறை, ‘ரூப்பேஸ்’, பெண்பால். ஆகவே ‘ரூப்பேஸ் ஃபாபுலோசா’. கடற்கரையைக் குறிக்கும் ‘லீத்துஸ்’ என்பதன் ஈற்றைக் கண்டு மாணவர் ஆண்பாலென மயங்குவர். அஃது அஃறிணைப்பால்; ‘லீத்துஸ் ஃபாபுலோசும்’ என்றே எழுதவேண்டும். (தமிழர்க்கு இம்மூன்றும் அஃறிணையே, மயக்கம் இயல்புதான்.)

அக்கரையின் கதையை வில்லியம் சேம்பர்ஸ் 1788இல் வெளியான தம் கட்டுரையில் குறித்துள்ளார். கடலுள் கோயில்களின் உச்சிகள் தென்பட்டதாக ஊரார் கூறியதை அதில் காணலாம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலைக்கு முன் கடல் உள்வாங்கியபோது கல்வரிசைகளைக் கண்டதாகப் பலர் கூறினர். அடுத்த ஆண்டு சாளுவன்குப்பத்தில் தொல்லியல் துறையினர் பழைய செங்கற்கோயில் ஒன்றை அகழ்ந்தெடுத்தனர். ஆறு கோயில்களைக் கடல் கொண்டதென்பது இவற்றால் நிறுவப்படவில்லை. முதியவரை நகைப்பதற்கும் இடமில்லை.

இனி வசனத்திற்கு வருவோம். அங்கே ‘ஃபாபுலாஸ்’ தனித்து நிற்கவில்லை. ‘தோக்தாஸ்’, அதாவது கல்வித்திறத்தால் புனைந்த, என்னும் அடை பெற்று நிற்கின்றது. இரண்டும் பெண்பால், பன்மை, இரண்டாம் வேற்றுமை. 1 தீமோத்தேயு 4:7இலும் அவ்வாறே அறிவற்ற, கிழவியர்க்குரிய என்னும் இரு அடைகள் உள. நம் தமிழ் வேதாகமம் இவ்விடங்களில் ‘கட்டு’ என்பதைப் பெயரோடே பிணைத்துவிட்டமையால், கதை முழுதுமே பழியேற்றது. அப்போஸ்தலன் மறுப்பது, கர்த்தரின் வல்லமையையும் வருகையையும் பற்றித் தாம் அறிவித்தது திறமையாய்ப் புனைந்த கதை என்னும் குற்றச்சாட்டை. தாம் கண்ணாரக் கண்டதை அதற்கு எதிராக வைக்கின்றார். கரையோரத்து முதியவரின் கதை அவ்வழக்கில் வரவேயில்லை.