நீரில் இறங்கும் விமானம்

காரைக்கால்மேட்டுக் கரையில் நின்று கிழக்கே நோக்கினால், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை தடையற்ற வெளி தெரிகிறது. ஓடுபாதைக்கென்று நிலம் தேடாமல், இந்தக் கடலிலேயே ஒரு சிறு விமானம் வந்து இறங்கலாகாதா என்று எண்ணத் தோன்றும். நோயாளியை ஏற்றிச் செல்லவும், ஆபத்துக் காலத்தில் மருந்து கொண்டுவரவும் அது எவ்வளவு உதவும்! இந்த எண்ணம் எவ்வளவு தூரம் கைகூடும் என்று இன்று ஆராய்வோம்.

நீரிலிருந்து இயந்திர பலத்தால் முதன்முதலில் எழும்பிப் பறந்தவர் ஆன்றி ஃபாப்ர் என்னும் பிரெஞ்சுக்காரர். 1910 மார்ச் 28 அன்று, மார்செய் நகருக்கு அண்மையிலுள்ள பேர் உப்பங்கழியில் அவர் பறந்தார். திறந்த கடலில் அன்று, உப்பங்கழியில் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரிலும் நீர் விமானங்கள் தங்குவதற்கு இலங்கையின் கொக்கலை ஏரியும், சென்னையை அடுத்த செங்குன்றம் ஏரியும் பயன்பட்டன. ஜப்பானியக் கப்பற்படை இலங்கையை நோக்கி வருவதை 1942 ஏப்ரல் 4 அன்று கண்டு எச்சரித்தது, கொக்கலையிலிருந்து சென்ற காட்டலினா விமானமே.

இனி அமைப்பைப் பார்ப்போம். சிறு நீர் விமானத்துக்குச் சக்கரங்களுக்குப் பதிலாக இரு மிதவைகள் உண்டு. அவை விமானத்தின் முழு எடையைப்போல் ஏறத்தாழ 1.8 மடங்கைத் தாங்குமாறு செய்யப்படுகின்றன. உள்ளே நீர் புகாத பல அறைகள் உண்டு. ஓரிரு அறைகளில் நீர் புகுந்தாலும் விமானம் கவிழாது. மிதவையின் அடியில், நடுப்பகுதியில், படி போன்ற ஒரு வெட்டு இருக்கும். வேகம் கூடும்போது நீர் அந்தப் படியோடு விலகிப்போகிறது. பின்பாகத்தை நீர் பற்றி இழுப்பதில்லை. படி இல்லையேல் விமானம் நீரை விட்டு எழுவது மிகக் கடினம்.

நீரின்மேல் விமானத்தை நிறுத்தத் தடைக்கருவி கிடையாது. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் விமானமும் நகரத் தொடங்கும். ஆகையால் துடுப்பு, நங்கூரம், கயிறு, மிதவையில் கசிந்த நீரை இறைக்கும் கைப்பம்பு, ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை ஆகியவை அவசியம். கடலில் இறங்கிய விமானத்தை நாள்தோறும் நன்னீரால் கழுவவேண்டும். தவறினால் உப்பு உலோகத்தை அரித்துவிடும். நிலத்திலும் நீரிலும் இறங்கக்கூடிய விமானத்துக்கு மற்றோர் ஆபத்துண்டு. சக்கரத்தை மடக்க மறந்து நீரில் இறங்கினால் அது தலைகுப்புறக் கவிழும். அலையே இல்லாத கண்ணாடி போன்ற நீரும் எளிதன்று. உயரம் எவ்வளவு என்று விமானியின் கண்ணுக்குப் புலப்படாது. மெல்லிய சிற்றலையே அவருக்கு ஏற்றது.

மாலத்தீவில் இத்தொழில் செழித்திருப்பதற்குக் காரணம், பவளப் பாறைகள் அரணாகச் சூழ்ந்த அமைதியான நீரும், தீவு தீவாகச் செல்ல விரும்பும் பிரயாணிகளும் அங்கே இருப்பதுதான். நம் நாட்டில் 2010 டிசம்பர் 30 அன்று தொடங்கப்பெற்ற 'ஜல் ஹம்ஸ்' சேவை அந்தமானில் நடந்து, பின்னர் நின்றது. 2020 அக்டோபர் 31 அன்று குஜராத்தில் சபர்மதியிலிருந்து கெவடியாவுக்குத் தொடங்கிய சேவையில், மாலத்தீவிலிருந்து வந்த விமானம் பராமரிப்புக்காக அங்கேயே திரும்பிச் செல்ல நேர்ந்தது. விமானத்தை வாங்குவதோடு காரியம் முடிவதில்லை. பழுது பார்க்கும் பட்டறையும், கைதேர்ந்த ஆட்களும், போதிய பிரயாணிகளும் வேண்டும்.

இப்போது மீண்டும் காரைக்கால்மேட்டுக்கு வருவோம். கரையில் உடையும் அலையைத் தாண்டிப் படகைச் செலுத்துவதே எத்தனை கடினம் என்று நம் மீனவர் நன்கறிவர். அந்த அலையில் மிதவை தாங்காது. அரசலாற்று முகத்துவாரத்துக்கு உள்ளே நீர் அமைதியானதுதான். ஆனால் அது படகுகள் போய்வரும் வழி. வடகிழக்குப் பருவக் காற்றின்போதோ விமானம் இறங்கவே இடமிராது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியதை நினைவுகூர்க. அத்தகைய நாளில் நீரெங்கும் முறிந்த மரமும் உடைந்த படகும் மிதக்கும். ஒரு மரத்துண்டு போதும், மிதவையைக் கிழித்துவிட.

ஆதலால், நீர் விமானம் நல்ல நாளில் உதவும் தோழன். புயல் நாளில் அதை எதிர்பார்த்துக் கரையில் காத்திருத்தல் தகாது. எச்சரிக்கை கேட்டவுடன் மேட்டுநிலம் சேர்வதற்கு நல்ல சாலையும், உறுதியான புகலிடமுமே கரையோர மக்களுக்கு முதலில் வேண்டுவன.