பக்கத்துப் பக்கத்து எண்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு முடிந்து வரும் நம் பிள்ளைகளிடம் தாத்தா பெயரைக் கேட்டால் உடனே சொல்வார்கள். தாத்தாவின் அப்பா பெயரைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். அவருடைய மனைவி பெயரைக் கேட்டால்? பெரும்பாலும் பதில் வராது. இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிலம் வைத்திருந்தவர் பெயர் பட்டாவில் இருந்தது. கோயிலுக்குக் கொடுத்தவர் பெயர் கல்லில் இருந்தது. படியாளாக உழைத்தவர் பெயரை யார் எழுதி வைத்தார்கள்?

எழுதி வைத்த இடம் ஒன்று உண்டு. கூலிக் கப்பல்களின் பதிவேடு.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல், 1860 நவம்பர் 16 அன்று 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை அங்கே கொண்டுபோகப்பட்டவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவிலிருந்தும் போனார்கள். திருவள்ளூர், பொன்னேரி இரண்டும் அப்போது அந்த ஜில்லாவின் தாலுகாக்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் பொன்னேரியோடு சேர்ந்தது.

ஏன் போனார்கள்? 1876-78 தாது வருஷப் பஞ்சம் ஒரு காரணம். பஞ்சம் இல்லாத வருஷத்திலும் சேரியில் நிலைமை எப்படி இருந்தது என்பதைச் செங்கல்பட்டு கலெக்டர் திரெமென்ஹீர் 1891-ல் அரசுக்கு எழுதினார். குடிசை போட்ட மனைகூட மிராசுதார் கையில் இருந்தது. அந்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் 1892-ல் பஞ்சமி நில உத்தரவு வந்தது. அதற்கு முன்பே பலர் கப்பல் ஏறிவிட்டார்கள்.

ஏறிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள மச்சம், தழும்பு எல்லாம் எழுதினார்கள். நம்மவர்கள் மேல் இருந்த அக்கறையில் எழுதியதல்ல; ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதியது. ஆனால் இன்று பேரன் பேத்திகளுக்கு அதுதான் குடும்ப வரலாறு.

அந்தப் பட்டியலில் நாம் நின்று பார்க்க வேண்டியது பக்கத்துப் பக்கத்து எண்களை. ஓர் ஆணின் பெயர், அடுத்த வரியில் ஒரு பெண்ணின் பெயர், சில இடங்களில் அதற்கடுத்து ஒரு கைக்குழந்தை. 100 ஆண்களுக்குச் சுமார் 40 பெண்களே போன அந்தக் கப்பல்களில் ஜோடியாகப் போனவர்கள் குறைவு. சிலர் ஊரிலேயே கல்யாணம் ஆனவர்கள். சிலர் சென்னை டிப்போவில் கப்பலுக்குக் காத்திருந்தபோது ஒருவருக்கொருவர் துணையானவர்கள். காதல் என்ற சொல்லை அவர்கள் வாயால் சொல்லியிருப்பார்களா, தெரியாது. பதிவேட்டில் அதற்குத் தனிப் பத்தி கிடையாது. அவர்கள் எதைத் தாங்கிச் சேர்ந்திருந்தார்கள் என்பதுதான் நமக்குக் கிடைக்கிறது.

ஒப்பந்தம் ஐந்து வருஷம். முதல் வருஷம் ஆணுக்கு மாதம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி. 1895-ல் போட்ட சட்டப்படி, அதன் பிறகு வந்தவர்கள் ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கினால் ஆளுக்கு ஆண்டுதோறும் 3 பவுண்டு வரி. 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங், அதாவது ஓர் ஆணின் முதல் வருஷத்து ஆறு மாதக் கூலி. புருஷன் பெண்சாதி இருவருக்கும் சேர்த்து 6 பவுண்டு. சேர்ந்து வாழ்வதற்கே வரி கட்டியதுபோலத்தான் இது!

அதற்கும் மேலே ஓர் அடி விழுந்தது. 1913 மார்ச் 14 அன்று கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சேர்ல் கொடுத்த தீர்ப்பின்படி, கிறிஸ்தவ முறையில் நடக்காத, பதிவும் செய்யாத திருமணங்கள் செல்லாது. முப்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த கிழவியும் ஒரே நாளில் மனைவி இல்லை என்று ஆகிவிடும் நிலை. அதனால்தான் பெண்கள் சத்தியாகிரகத்தில் இறங்கினார்கள். தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். சிறை சென்று நோயோடு திரும்பிய தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். அதே ஆண்டு வந்த சட்டம் 3 பவுண்டு வரியை நீக்கியது. ஒருவனுக்கு ஒருத்தி என்று அமைந்த திருமணங்களை ஏற்றது. பள்ளிப் பாடத்தில் இதைப் போராட்டம் என்று படிக்கிறோம். நம் ஆயாக்களுக்கு அது தன் வீட்டுக்காரர் தனக்கு யார் என்று கோர்ட்டுக்குச் சொல்லும் வேலையாகவும் இருந்தது.

இப்போது அந்தப் பதிவேடுகளைக் கணினியில் தேடலாம். டர்பனிலிருந்து பேரப்பிள்ளைகள் தேடுகிறார்கள். ஜில்லாவில் 'சிங்கிள்புட்' என்று இருந்தால் செங்கல்பட்டு. 'டிரிவெல்லூர்' என்றால் நம் திருவள்ளூர். இதுவரை சுலபம். கிராமப் பெயரில்தான் சிக்கல். குமாஸ்தா தன் காதில் விழுந்ததை இங்கிலீஷில் எழுதியிருப்பார். அதை வாய்விட்டுப் படித்துக் காட்டினால், அது எந்த ஊர்ச் சேரி, இன்று எந்தக் கம்பெனி மதிலுக்குப் பின்னால் இருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் நம் காலனித் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கும் எண்பது வயதுக்காரர்கள்தான். கல்லூரி விடுமுறையில் ஊருக்கு வரும் மாணவர்கள் ஒரு நோட்டோடு அவர்கள் பக்கத்தில் உட்காரலாம். தாத்தா பெயரைக் கேட்கும்போது ஆயா பெயரையும், அவர் பிறந்த ஊரையும் அடுத்த வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.