மொலோக்காய்த் தீவின் பாதிரியார்

குஷ்டரோகி ஒருவனை ஏசுநாதர் கைநீட்டித் தொட்டுச் சொஸ்தமாக்கினார் என்று சுவிசேஷம் கூறுகிறது. குணப்படுத்த ஒரு வார்த்தை போதாதா? தொடுவானேன்? இந்தக் கேள்வி ஹவாய்த் தீவுகளில் உயிருள்ள கேள்வியாயிற்று.

1865-ஆம் வருஷத்துச் சட்டப்படி, அங்கே குஷ்டரோகிகளைக் குடும்பத்தினின்றும் பிரித்து மொலோக்காய்த் தீவுக்கு அனுப்பலானார்கள். மூன்று பக்கம் சமுத்திரம். ஒரு பக்கம் செங்குத்தான மலை. 1873-இல் பெல்ஜியத்தில் பிறந்த டேமியன் பாதிரியார் அங்கே போய்ச் சேர்ந்தார். வயது 33. பிரசங்கத்தோடு அவர் நிற்கவில்லை. புண்களைக் கழுவிக் கட்டினார், வீடுகள் எழுப்பினார், சவப்பெட்டி செய்தார், குழியும் வெட்டினார். நோயாளிகளோடு ஒரே பாத்திரத்தில் கையிட்டு உண்டார். வைத்தியர்கள் கேட்டால் தலையில் அடித்துக் கொள்வார்கள்! ஆனால், பெற்ற தாயே பிள்ளையைத் தொடமுடியாமல் சட்டம் பிரித்துவைத்த அந்த இடத்தில், கூட உட்கார்ந்து உண்ட ஒரு கவளத்துக்கு எந்த மருந்து ஈடாகும்?

1884-இல் அந்த நோய் அவரையும் பற்றியது தெரியவந்தது. அதன் பிறகும் வேலையை அவர் விடவில்லை. 1888-இல் மரியான் கோப் என்ற கன்னிகாஸ்திரீ துணைக்கு வந்தார். மறு வருஷம் ஏப்ரல் 15-ஆம் தேதி டேமியன் காலமானார். மரியான் அம்மையார் 1918-இல் இறக்கும் வரையில் அங்கேயே இருந்து நோயாளிகளைப் பேணினார். நோய் அவரைத் தொடவே இல்லை.