நாடி பிடிக்கும் பேச்சு வேறு, கூட்டணிப் பேச்சு வேறு

யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காத தேர்தல் முடிந்ததும், ‘கட்சிகள் பேச்சு வார்த்தையில் இறங்கின’ என்று செய்தி வரும். உடனே விடைத்தாளில் ‘கூட்டணி அமைந்தது’ என்று எழுதிவிடுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்க மாணவர்களே, நடுவில் ஒரு படி இருக்கு. அதை முன்னாய்வுப் பேச்சு எனலாம். பெண் பார்க்கப் போவது மாதிரிதான். பார்த்துவிட்டு வந்தாலே நிச்சயம் ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை.

இதற்கு நல்ல உதாரணம் ஜெர்மனி. அந்நாட்டு அரசியலமைப்பில் இந்தப் படியைப் பற்றி ஒரு வரிகூட கிடையாது. பழக்கத்தில் வளர்ந்த வழக்கம் இது.

2017 செப்டம்பர் 24 தேர்தலில் மொத்தம் 709 இடங்கள். பெரும்பான்மைக்கு 355 வேண்டும். மெர்க்கலின் அணிக்குக் கிடைத்ததோ 246. சுதந்திர ஜனநாயகக் கட்சி (80), பசுமைக் கட்சி (67) இரண்டும் சேர்ந்தால் 393 ஆகிவிடும். கணக்கு சரி, மனசு ஒத்துவரவில்லை. அகதிகளின் குடும்பங்களை வரவழைப்பது, நிலக்கரி மின்நிலையங்களை மூடுவது என்று இழுபறி. நான்கு வாரத்துக்கு மேல் பேசிய பிறகு, நவம்பர் 19 இரவு சுதந்திர ஜனநாயகக் கட்சி எழுந்து போய்விட்டது. இதைக் ‘கூட்டணி முறிந்தது’ என்று எழுதினால் தவறு. முறிவதற்குக் கூட்டணியே உருவாகவில்லையே!

அடுத்து, எதிர்க்கட்சியாகவே இருப்போம் என்று சொல்லியிருந்த சமூக ஜனநாயகக் கட்சி மேசைக்கு வந்தது. 2018 ஜனவரி 12-இல் 28 பக்க அறிக்கை தயார். அப்போதும் கூட்டணி இல்லை. ஜனவரி 21-இல் பான் நகரில் அக்கட்சியின் மாநாடு கூடி வாக்களித்தது: ஆதரவு 362, எதிர்ப்பு 279. எதற்கு இந்த வாக்கு? ஆட்சியில் சேரவா? இல்லை, கூட்டணிப் பேச்சைத் தொடங்கலாமா என்பதற்கு மட்டும்! இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒப்பந்தம் பிப்ரவரி 7-இல்தான் முடிவானது. கட்சி உறுப்பினர்களும் வாக்களித்து ஏற்ற பிறகு, மார்ச் 14-இல் மெர்க்கல் மீண்டும் பிரதமரானார்.

நம் மலேசியாவில் வரிசை வேறு. 2022 நவம்பர் 19-இல் தேர்தல். பெரும்பான்மை யாருக்கு என்று மாமன்னர் பார்த்து முடிவெடுக்க, 24-ஆம் தேதியே அன்வார் பதவியேற்றார். கூட்டணிக் கட்சிகள் உடன்பாட்டில் கையெழுத்திட்டது அதற்குப் பிறகு, டிசம்பர் 16-இல். ஒப்பீட்டுக் கேள்வி வந்தால் இந்தத் தேதிகளை வரிசையாக எழுதிக் காட்டுங்கள்: அங்கே ஒப்பந்தம் முதலில், பிரதமர் பிறகு, இங்கே பிரதமர் முதலில்.